கூரைத் தண்ணீரும் சர்வ சமய சமரசமும்

முத்துவீரனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு மச்சான். அந்த மச்சானும் தூரத்தில் இல்லை, பக்கத்து வீட்டில்தான் இருந்தார். நடுவில் ஒரு வேலியும் ஒரு தகரக் கூரையும் ஒரு பல்செட்டும் இருந்தன. அவ்வளவுதான் தடங்கல்.

தீவில் ஃபெர்ரி வந்து நிற்கும் பாம்பூஃப்ளாட் ஜெட்டியிலிருந்து மேலே ஏறும் தெருவில் முத்துவீரன் குடை, மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு விற்கும் கடை வைத்திருந்தார். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில் குடை விற்கிறவன் கடவுளிடம் தனியாக எதையும் கேட்க வேண்டியதில்லை. அவர் மனைவி புஷ்பாவின் அண்ணன்தான் பெரியதம்பி. இரண்டு குடும்பமும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் சுவரோடு சுவராக இருந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து வேலியோடு வேலியாக வீடு கட்டிக்கொண்டார்கள். வேலி வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

பெரியதம்பி புதுக் கூரை போட்டார். தகரம் வேலியைத் தாண்டி ஒரு முழம் நீண்டுவிட்டது. மழை பெய்தால் அந்தக் கூரைத் தண்ணீர் மொத்தமும் முத்துவீரனின் சரக்கு அறைக்குள் இறங்கியது. மூட்டை மூட்டையாகக் குடைகள் நனைந்து துரு ஏறின. தெருவில் ஒரு வீட்டுப் புதுமனை விருந்தில் இதைப் பெரியதம்பியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"குடை நனைஞ்சா என்னா மாப்ள? அது நனையத்தானே செஞ்சிருக்கு" என்று பெரியதம்பி பந்தி முழுக்கக் கேட்கச் சிரித்தார். சிரிப்பில் பல்வரிசை பளிச்சென்று தெரிந்தது.

"மெட்ராஸ்ல போயி கட்டிக்கிட்டு வந்த பல்லு. காசு குடுத்ததுக்காவது சிரிக்கணும்ல" என்றார் முத்துவீரன். அதுவும் பந்தி முழுக்கக் கேட்டது.

பல்செட்டு விஷயம் அதுவரை அந்த டாக்டரையும் இந்த இரண்டு வீட்டையும் தாண்டியதில்லை. பெரியதம்பி பாயசம் வருவதற்குள் இலையை மடித்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டு ஆண்களும் பேசிக்கொள்வதில்லை. தண்ணீர் மட்டும் போக்குவரத்தை நிறுத்தவில்லை.

இதை இப்படியே விட்டிருக்கலாம். ஆனால் முத்துவீரனின் மகள் பானுவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமன். பானுவுக்கு இருப்பது ஒரே தாய்மாமன்.

"எங்கண்ணன் வந்து பட்டம் கட்டணும். இல்லாட்டி எம் பொண்ணு மணவறை ஏற மாட்டா" என்று புஷ்பா சொல்லிவிட்டாள். "நீங்க போயிக் கூப்புடுவீங்களோ, ஆள் வெச்சுப் பேசுவீங்களோ, அது உங்க பாடு."

கூப்பிடப் போனால் மன்னிப்புக் கேட்க வேண்டும். மன்னிப்புக் கேட்டால் கூரை நியாயமாகிவிடும். யாவாரி மனசு அதற்கு ஒப்பவில்லை. அப்போதுதான் கடைக்கு வந்த ஒரு ஆள் சொன்னார்: "கோர்ட்டுப் பக்கம் சமரச மையம்னு ஒண்ணு இருக்கு அண்ணே. கேஸ் கீஸ் ஒண்ணும் வேணாம். ரெண்டு தரப்பையும் உக்கார வெச்சுப் பேசி முடிச்சு விடுவாங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. கோர்ட்டுக்கும் விடுமுறை என்பது முத்துவீரனுக்குத் தோன்றவில்லை. எதிர்க்கரைச் சாத்தாம் வரை ஃபெர்ரியில் போய், அங்கே பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். குட்வில் எஸ்டேட் வரும்போது ஒரு பெரிய போர்டு கண்ணில் பட்டது. இந்தியிலும் இங்கிலீஷிலும் பெங்காலியிலும் என்னவோ எழுதி, கடைசியில் தமிழில் 'சமரச மையம்' என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் 'சர்வ சமய' என்ற இரண்டு சொற்களை ஒரு வேப்பங்கிளை மறைத்திருந்தது. முத்துவீரன் "ரோக்கோ, ரோக்கோ" என்று பஸ்ஸை நிறுத்தி இறங்கினார்.

உள்ளே தலைவர் பக்தவத்சலம் இருந்தார். மெயின்லேண்டிலிருந்து வந்து, அரசு அலுவலகம் ஒன்றில் "நாளைக்கு வாங்க" என்று சொல்லியே ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மனித குலத்தை ஒன்றுபடுத்தும் வேலையை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செயலாளர் நீலாவதி. முன்னாள் தலைமை ஆசிரியை, நாலு பாஷை தெரிந்தவர்.

"எனக்கு சமரசம் வேணுங்க" என்றார் முத்துவீரன்.

பக்தவத்சலம் கண்களை மூடினார். திறந்தபோது ஈரமாக இருந்தன. "நீலாவதி, கேட்டீங்களா? இத்தனை வருஷமா இந்த சென்டரை நடத்துறேன். வந்தவங்க பாத்ரூம் எங்கன்னு கேட்டிருக்காங்க, ஹால் வாடகைக்குக் கிடைக்குமான்னு கேட்டிருக்காங்க. இந்த வார்த்தையை வாயைத் திறந்து கேட்ட முதல் ஆள் இவர்தான்."

"ஆவணிக்குள்ள முடிஞ்சிருமாங்க?"

"அது உங்க உள்நோக்கத்தைப் பொறுத்தது" என்றார் நீலாவதி. "எதிர்த்தரப்பு என்ன மதம்?"

"மதமா? நம்ம ஆளுதாங்க. எஞ் சம்சாரத்தோட அண்ணன்."

ஒற்றைச் செருப்பு கேட்டு வந்த வாடிக்கையாளனை முத்துவீரன் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே மதமா?" என்றார் பக்தவத்சலம். "அப்ப அது வெறும் சண்டை. வெறும் சண்டைக்கு எங்க சட்டதிட்டத்துல இடமில்லையே. அவர் கொஞ்சம் வேற மதமா இருந்தா வசதியா இருக்கும்."

"அதுக்கு இனிமே என்னாங்க செய்ய ஏலும்?"

"மனசு தளராதீங்க. வாராவாரம் வாங்க. தானா ஒரு வழி பிறக்கும்."

முத்துவீரன் அதை அடுத்த வாய்தா என்று எடுத்துக்கொண்டார். வாய்தா கொடுக்காத இடத்தில் நியாயம் கிடைத்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

இப்படியாக ஞாயிறுதோறும் போனார். வாசலில் ஒரு பேட்ஜ் குத்திவிடுவார்கள். எல்லா மதமும் ஒன்றே என்பது மையத்தின் கொள்கை என்பதால், யார் எந்த மதம் என்பது தூரத்திலிருந்தே தெரியும்படி பேட்ஜுக்கு நிறம் கொடுத்திருந்தார்கள். நாற்காலிகள் வட்டமாக இருக்கும். முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் கூடாதல்லவா? தலைவரின் நாற்காலிக்கு மட்டும் கையும் மெத்தையும் உண்டு. வட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நீலாவதி விளக்கினார்.

முதலில் பிரார்த்தனை. எந்தத் தெய்வத்தின் பெயரும் வராதபடி ஒரு துணைக்குழு அதை எழுதியிருந்தது. "ஓ..." என்று எல்லோரும் சேர்ந்து தொடங்குவார்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவரவர் மனதுக்குள் நிரப்பிக்கொள்ள வேண்டும். பிறகு "எங்களுக்கு அருள்வாயாக" என்று சேர்ந்து முடிக்க வேண்டும். முத்துவீரனுக்கு அந்த இடைவெளியில் ஒவ்வொரு வாரமும் பெரியதம்பி ஞாபகம்தான் வந்தது.

அடுத்து தலைவர் உரை.

"நான் மதம் பாக்கிறவன் இல்ல" என்பார் பக்தவத்சலம். "என் டிரைவர் ஒரு மதம், சமையல்காரம்மா ஒரு மதம், தோட்டக்காரர் ஒரு மதம். மூணு பேர்ல யார் லீவு கேட்டாலும் ஒரே மாதிரிதான் இல்லேன்னு சொல்லுவேன்."

கைதட்டுவார்கள். கரண்ட் போய்விட்டால் அதுவே மௌன தியானமாகிவிடும். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் ஞானத்திலிருந்து வெளியே வருவார்கள்.

கடைசியில் டீயும் பிஸ்கட்டும். இந்தப் பிஸ்கட் சும்மா வந்ததல்ல. பொங்கல் கொடுத்தால் ஒரு பக்கம், கேக் கொடுத்தால் ஒரு பக்கம், சேமியா கொடுத்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று நெடுநாள் ஆராய்ந்து, உலகத்தில் மதமே இல்லாத ஒரே தின்பண்டம் என்று கண்டுபிடித்து வைத்த பிஸ்கட். முத்துவீரன் ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, எதார்த்தமாக, "மாரி பிஸ்கட்டா? ஒண்ணு குடுங்க" என்றார்.

வட்டத்தில் எல்லோரும் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்கள்.

"மாரியா?" என்றார் பக்தவத்சலம். "அது அம்மன் பேராச்சே. இவ்வளவு நாளா நாம ஒரு சார்பா பிஸ்கட் குடுத்துட்டு இருக்கோமா?"

"மன்னிக்கணும். அது மேரி பிஸ்கட்" என்றார் நீலாவதி. "சார்பு இருக்கு. ஆனா நீங்க சொல்ற பக்கம் இல்ல."

"மாரின்னுதான் எங்க தெருவுல கேட்டு வாங்குவோம்" என்றார் முத்துவீரன்.

"உங்க தெரு தப்பா வாங்கியிருக்கு."

பிஸ்கட்டை நிறுத்த வேண்டும் என்பதில் தலைவருக்கும் செயலாளருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. எந்த மதத்துக்காக நிறுத்துவது என்பதில்தான் ஒத்துவரவில்லை. ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவுக்கு டீயோடு உப்பு பிஸ்கட் வந்தது.

வீட்டுக்கு வந்தால் புஷ்பா வாசலிலேயே நிற்பாள். "இன்னிக்கு என்னா சொன்னாங்க?"

"கண்ணை மூடச் சொன்னாங்க."

"மூடினீங்களா?"

"மூடினேன்."

"அண்ணன் தெரிஞ்சாரா?"

"தெரிஞ்சாரு. சிரிச்சுக்கிட்டு இருந்தாரு."

ஆவணி நெருங்கியது. சரக்கு அறையில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. அந்த நேரம் பார்த்து மையத்துக்கு ஆண்டு விழா வந்தது. டெல்லியிலிருந்து அகில இந்தியத் தலைவர் வருகிறார்; முதலில் கடற்கரை பார்க்கிறார், பிறகு விழாவில் கலந்துகொள்கிறார். மத வெறியால் ஒருவரையொருவர் வெறுத்துப் பிறகு மனம் திருந்திய இரண்டு பேரை மேடையில் கட்டித் தழுவ வைக்க வேண்டும் என்பது டெல்லி ஏற்பாடு. எல்லா ஊரிலும் அதுதான் நிகழ்ச்சியின் சிகரம்.

இங்கேதான் சிக்கல் வந்தது. குழு தீவு முழுக்கத் தேடியது. தண்ணீருக்காக அடித்துக்கொண்டவர்கள் கிடைத்தார்கள். கப்பல் டிக்கெட்டுக்காகச் சட்டையைப் பிடித்தவர்கள் கிடைத்தார்கள். மீன் எடையில் ஏமாந்து ஏழு வருஷம் முகம் பார்க்காதவர்கள் கிடைத்தார்கள். பெங்காலி பூஜைப் பந்தலுக்கு லைட் போடுகிறவர் மலையாளி முஸ்லிம். அவர் வீட்டு நிக்காவுக்குப் பந்தல் போடுகிறவர் தெலுங்கர். மதத்துக்காக யாரும் அடித்துக்கொள்ளவில்லை. வெங்காயம், சிமெண்டு போல மதச் சண்டையும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தால்தான் உண்டு என்ற நிலை.

"டெல்லிக்கு என்ன பதில் சொல்றது?" என்று பக்தவத்சலம் தலையில் கை வைத்தார். "ஒரு பகை கூட இல்லாம ஒரு கிளை நடத்துறீங்களான்னு கேப்பாங்க. கிராண்ட் பணம் நின்னு போகும்."

நீலாவதி முத்துவீரனைத் தனியே கூப்பிட்டார். "நீங்க முதல் நாளே சமரசம் வேணும்னீங்க. மேடையில ஒண்ணு பண்ணுங்க. எதிராளியை நாங்க ஏற்பாடு பண்ணிட்டோம். பீட்டர்னு பேரு."

"எனக்கும் பீட்டருக்கும் என்னா சண்டைங்க?"

"ஒண்ணும் இல்ல. கட்டிப் பிடிச்சா போதும். பதிலுக்குத் தலைவரே பாம்பூஃப்ளாட் வந்து உங்க மச்சான்கிட்ட பேசுவார்."

முத்துவீரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். முன்பின் தெரியாத பீட்டரைக் கட்டிப்பிடித்தால் தெரிந்த மச்சான் கிடைக்கிறார். சரக்கு மோசமில்லை. "படிஞ்சதுங்க" என்றார்.

விழாவன்று மேடைக்குப் பின்னால் அவருக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசி, அதற்கு மேல் சந்தனம் வைத்து, அதற்கும் மேல் குங்குமம் வைத்தார்கள். இந்து என்பது கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமாம். மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தின் தகரக் கூரையில் சடசடவென்று இரைந்தது. இந்த நேரம் சரக்கு அறையில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று யோசித்தபடியே முத்துவீரன் மேடை ஏறினார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கழுத்தில் பெரிய சிலுவையோடு பீட்டர் ஏறினார். பீட்டரின் பல்வரிசை விளக்கு வெளிச்சத்தில் பளிச்சிட்டது.

அது பெரியதம்பி.

"இவன் எங்கடா இங்க?" என்றார் பீட்டர், பாதி வாயால்.

"நான் ஞாயித்துக்கிழமை வர்றவன். நீங்க எங்க மச்சான் இங்க?"

"நான் புதங்கிழமை வர்றவன். நீ வாராவாரம் ஃபெர்ரி ஏறுறியே, எம் மேல கேஸ் குடுக்கத்தான் போறேன்னு ஜெட்டியில சொன்னாங்க. சமரச மையம்னு கேட்டு நானும் வந்து எந் தரப்பைச் சொன்னேன். பீட்டரா நின்னா தலைவர் உங்கிட்ட வந்து பேசுவாருன்னு அந்தம்மா வாக்குக் குடுத்திருக்காங்க."

அதற்குள் நீலாவதி மைக்கில், பல ஆண்டுகள் மதத்தால் பிரிந்து கிடந்த இரு அண்டை வீட்டார் இதோ என்று இந்தியில் அறிவித்துவிட்டார். டெல்லித் தலைவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "அவர்கள் மனதில் இருப்பதை அவர்களே பேசட்டும்" என்றார். மைக் முத்துவீரனின் வாய்க்கு வந்தது. மேலே மழை இரைந்துகொண்டிருந்தது. அவருக்கு அந்தச் சத்தத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

"உங்க கூரைத் தண்ணி அம்புட்டும் எம் பக்கந்தான் விழுது" என்றார்.

நீலாவதி ஒரு கணம் தடுமாறினார். நாலு பாஷை தெரிந்தவர் என்பதால் சமாளித்தார். அவர் டெல்லிக்குச் சொன்ன இந்தி, தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: "உங்கள் நம்பிக்கையின் அருள்மழை என் வாசலிலும் பொழிகிறது என்கிறார்."

டெல்லித் தலைவர் தலையை ஆட்டினார்.

"பீலி வைங்கன்னு ஒரு வார்த்தை மரியாதையாச் சொல்லியிருந்தா வெச்சிருப்பேன்ல" என்றார் பெரியதம்பி. கூரை ஓரத்தில் தண்ணீரைப் பிடித்துத் திருப்பிவிடும் தகர வாய்க்காலுக்குக் கச்சால்காரர்கள் சொல்லும் பெயர் பீலி. "நீ சபையில வெச்சு எம் பல்லைப் பேசின."

"இவர் அன்பான ஒரு சொல்லுக்காகக் காத்திருந்ததாகச் சொல்கிறார். தன் புன்னகையை அவர் ஊரறியப் புகழ்ந்ததையும் நினைவுகூர்கிறார்."

"நீங்க சிரிச்சது தப்பில்லையா? துருப்பிடிச்ச குடையை எவன் வாங்குவான்?"

"குடை என்பது பாதுகாப்பு. மதமும் அப்படியே என்கிறார்."

"சரி, பீலி நான் வைக்கிறேன்" என்றார் பெரியதம்பி. "சபையில சொன்னத சபையில வாபஸ் வாங்கு."

முத்துவீரன் மண்டபத்தைப் பார்த்தார். கடைசி வரிசை வரை ஆள். புதுமனை விருந்துக்கு வந்ததை விட அதிகம்தான். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. பல்லைத் திருப்பிக் கேட்கிறார். பீலியும் கிடைக்கிறது. இதற்கு மேல் இழுத்தால் பேரம் கலைந்துவிடும். மைக்கை வாங்கி, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

"எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். எம் மச்சானுக்கு இருக்கிறது அம்புட்டும் சொந்தப் பல்லு. பொறக்கும்போதே இருந்தது."

நீலாவதிக்கு வேர்த்தது. "இவரிடம் இருக்கும் உண்மை பிறவியிலேயே வந்தது, இரவல் அல்ல என்று ஒப்புக்கொள்கிறார்."

டெல்லித் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பெரியதம்பி மொத்தப் பல்லும் தெரியச் சிரித்தார்.

"பானுவுக்குப் பட்டம் யாரு கட்டுறது?" என்று முத்துவீரன் மெல்லக் கேட்டார்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். வேற எவன் கட்டுவான்?"

"அவர் மகளின் பட்டப்படிப்பை இவரே ஏற்றுக்கொள்கிறார்" என்று நீலாவதி அறிவித்தார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

கட்டித் தழுவச் சொன்னார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் கட்டித் தழுவுகிற வழக்கம் அவர்கள் பக்கம் கிடையாது. பெரியதம்பி முத்துவீரனின் தோளில் ஒரு தட்டு தட்டினார். சந்தனம் கொஞ்சம் சட்டையில் உதிர்ந்தது. போட்டோவுக்கு அது போதுமாக இருந்தது.

கல்யாணத்தன்று பெரியதம்பி அதிகாலையிலேயே வந்து பந்தலை அதிகாரம் செய்துகொண்டிருந்தார். தலைவரும் செயலாளரும் வேறு வேறு ஃபெர்ரியில் வந்தார்கள். துணைக்குழுவின் பிஸ்கட் அறிக்கை வந்ததிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. பாதி உறுப்பினர்கள் மாரி, பாதிப் பேர் மேரி. வட்டமாக இருந்த நாற்காலிகள் இரண்டு அரைவட்டமாகிவிட்டன என்று கேள்வி.

பீட்டர் நெற்றியில் திருநீறோடு பானுவுக்குப் பட்டம் கட்டியதைப் பார்த்த பக்தவத்சலம் கைக்குட்டையை எடுத்தார். "பீட்டர் இவ்வளவு தூரம் இறங்கி வருவார்னு நான் எதிர்பாக்கல. ஆண்டறிக்கையில தனி அத்தியாயமே போடணும்." பிறகு, போகிற போக்கில், "எனக்கும் அந்தம்மாவுக்கும் நடுவுல பேசி விட யாராவது இருக்காங்களா முத்துவீரன்?" என்று கேட்டார்.

"கோர்ட்டுப் பக்கம் சமரச மையம்னு ஒண்ணு இருக்குங்க. நான் தேடி வந்ததே அதைத்தான்."

"அங்க என்ன கேப்பாங்க?"

"சண்டை என்னான்னு கேப்பாங்களாம்."

பக்தவத்சலம் பிஸ்கட் என்று சொல்லிப் பார்ப்பவர் போல உதட்டை அசைத்துவிட்டு, பந்திக்குப் போனார்.

நீலாவதி வீட்டுப் பக்கம் வந்து புதுப் பீலியைப் பார்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. தண்ணீர் வேலியோரம் விழாமல், பீலி வழியாக ஓடி, பெரியதம்பி வீட்டின் அந்தப் பக்கத்தில் கொட்டியது.

"அந்தப் பக்கம் யார் வீடு?"

"பாஸ்கல்னு ராஞ்சிக்காரருங்க. சர்ச்சுல பாடுவாரு" என்றார் முத்துவீரன்.

நீலாவதியின் முகம் மலர்ந்தது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "கிறிஸ்தவரா? நிஜக் கிறிஸ்தவரா? இந்து வீட்டுத் தண்ணி அவர் வீட்டுல விழுது. அவர் வந்து ஏதாவது சொன்னாரா?"

"நேத்து வந்தாருங்க. நின்னு நல்லாப் பாத்தாரு."

"பார்த்துட்டு?"

"'பீலி கோ தோடா லம்பா கரோ பாயி'ன்னாரு. கொஞ்சம் நீட்டிவிட்டா அவரு தொட்டியில நேரா விழுமாம். குழாயில தண்ணி வராத நாளைக்கு ஆகுமாம். தகரம் அவரே குடுத்துட்டாரு. அந்தா உள்ள ரெண்டாம் பந்தியில உக்காந்திருக்காரு."

நீலாவதி பேனாவை மூடினார்.

"அவ்வளவுதானா?" என்றார்.